மிளகளவு பஞ்சு

பஞ்சக்கா பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். எட்டரை மணிக்குள் ஐம்பது அடைப்பு உருட்டித் தட்டில் அடுக்கியாக வேண்டும். சோதனைக் குழாயின் வாய்க்குச் சரியாகப் பொருந்துகிற அடைப்பு. இழுத்தால் வர வேண்டும், கவிழ்த்தால் விழக்கூடாது. பெண்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய முதல் வேலை இதுதான். விரல்கள் தம் பாட்டுக்கு உருட்டும், வாய் தன் பாட்டுக்கு யாரையாவது திட்டும். சம்பளப் பட்டியலில் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. அது யாரென்று அதை எழுதுகிற குமாஸ்தாவே ஒரு நிமிஷம் யோசிப்பார்.

ஐம்பது முடிந்தது. தட்டை நகர்த்திவிட்டு இன்னொரு துணுக்குப் பஞ்சைப் பிய்த்தாள். இதை மிளகளவுக்கு உருட்டினாள். நாக்கில் தொட்டு ஈரமாக்கி, மறுபடி உருட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிசிறு இல்லை. இது குழாய்க்கு அல்ல, சிலந்திக்கு.

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில், வலை கட்டாமல் செடியடியில் ஓடித் திரிகிற சாம்பல் நிறச் சிலந்தி ஒன்று உண்டு. அது முட்டைகளை ஒரு வெள்ளைப் பைக்குள் பொதிந்து, பையை உடம்பின் பின்முனையில் ஒட்டிக்கொண்டு, போகிற இடமெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். செய்முறை வகுப்புக்கு அந்தப் பை வேண்டும். மாணவிகள் அதை அறுத்து, லென்ஸ் வைத்து முட்டைகளைப் பார்த்து வரைவார்கள். பையை இடுக்கியால் பிடித்து இழுத்தால் சிலந்தி லேசில் விடாது. இருக்கிற கால்களாலெல்லாம் கட்டிக்கொள்ளும், இடுக்கியைக் கடிக்கும், கால் ஒடிந்தாலும் பிடியைத் தளர்த்தாது. கடைசியில் பை போய்விடும். அதன் பிறகு ஜாடி முழுக்கத் தேடும். தேடித் தேடி, போடுகிற பூச்சியைத் தொடாமல் செத்தும் போகும். செத்த சிலந்தியை அடுத்த வகுப்புக்குக் காட்ட முடியாது.

அதற்குத்தான் பஞ்சு. பையின் அளவுக்கு ஓர் உருண்டையை முன்னால் போட்டால், சிலந்தி தடவிப் பார்க்கும், கொஞ்சம் யோசிப்பது மாதிரி நிற்கும். பிறகு எடுத்துப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடும். வித்தையைக் கற்றுக்கொடுத்தது, பத்து வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றுப் போன பெரிய சார். "அதுக்கு முகம் கிகமெல்லாம் தெரியாதும்மா. பின்னாடி கனம் இருக்கணும், அவ்வளவுதான்" என்பார்.

ஜாடியைத் திறந்து உருண்டையைப் போட்டாள். வியாழக்கிழமை இடுக்கியோடு நடந்த சண்டையில் இந்தச் சிலந்திக்கு ஒரு கால் போயிருந்தது. ஏழு காலோடு நொண்டி வந்து, தடவி, எடுத்துக்கொண்டது.

"சமர்த்து" என்றாள் பஞ்சக்கா. "மேடம் கேட்டா ஒண்ணும் சொல்லிடாத."

இன்றைக்குக் கண்காட்சி. 'நம் தோட்டத்துத் தாய்மார்கள்' என்று தலைப்பு. வைத்தவர் விலங்கியல் சொல்லித்தருகிற மேடம். மேடம் வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, நல்ல மாதிரி. தாய்மை என்ற சொல்லைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். முட்டைப் பையோடு ஒரு சிலந்தி கட்டாயம் வேண்டும் என்று கேட்டிருந்தார். இருந்த ஒரே பையை வியாழக்கிழமை வகுப்பில் அறுத்தாகிவிட்டது. பஞ்சக்கா இரண்டு நாள் முட்டி தேயத் தோட்டத்தில் தவழ்ந்து பார்த்தாள், வேறொன்று அகப்படவில்லை. இதைச் சொன்னால் மேடம் முகம் வாடும். பஞ்சு வாடாது.

ஆனால் பஞ்சக்காவின் மனசு சிலந்தியிடம் இல்லை. இன்றைக்கு மகள் வருகிறாள், நாலு மாதக் கைக்குழந்தையோடு. அடுத்த மாதக் கடைசியில் பஞ்சக்காவுக்கு வேலை முடிகிறது. அன்றைக்கே குடியிருக்கும் கல்லூரி அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். போவதற்கு ஒரே ஒரு வீடுதான் உலகத்தில் இருந்தது; அது மகளுடையது. அங்கே வரட்டுமா என்று இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும். ஒரு வாரமாகச் சிலந்தியிடம் சொல்லிப் பார்த்து ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

கேட்க ஏன் ஒத்திகை என்றால், அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

இந்த வேலை முதலில் அவள் புருஷனுடையது. எட்டு வருஷக் கல்யாணத்தில் கடைசி ஐந்து வருஷம் அவன் இருமிக்கொண்டே இருந்தான். அவனுடைய அம்மா படுக்கையில் கிடந்தாள். இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போனபோது மகளுக்கு ஆறு வயது. கல்லூரியில் இரக்கப்பட்டு அவன் வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள். கூடவே ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார்கள். வரிசையில் இரண்டே அறை, இன்னொன்றில் வாட்ச்மேன் குடும்பம். ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிக்கொண்டு வந்து கூட்டிப் போகிறேன் என்று மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

முதல் நாள் சாயங்காலம் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். யாரும் தட்டவில்லை. யாரும் இருமவில்லை. மூத்திரச் சட்டி எடுத்து வை என்று கூப்பிடவில்லை. புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னக் கை தொங்கவில்லை. படுத்தவள், காலையில் கல்லூரி மணி அடித்துத்தான் எழுந்தாள். எட்டு வருஷத் தூக்கத்தை ஒரே மூச்சில் தூங்கிய மாதிரி இருந்தது. அடுத்த நாள் கடைக்குப் போய் ஒரு தட்டும் ஒரு தம்ளரும் வாங்கிவந்தாள். ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு தம்ளர்.

மாதம் முடிந்து நாத்தனார் வீட்டுக்குப் போனாள். மகள் தலை வாரி, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பஞ்சக்கா அவளைத் தாண்டி உள்ளே போனாள், தண்ணீர் வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்ததும் அவள் வாய் சொன்னது: "காலேஜ் ரூம்ல பிள்ளைங்கள வச்சுக்கக் கூடாதாம் அண்ணி. ரூல் இருக்காம்." இதை அவள் வழியில் யோசித்துக்கொண்டு வரவில்லை. வந்துவிட்டது.

"அதென்னடி ரூலு? பொம்பளப் பிள்ளைங்க காலேஜுதானே? இவ என்ன, மீசை வச்ச ஆம்பளையா?" என்றாள் நாத்தனார்.

"ஆசிட்டு, மருந்து எல்லாம் இருக்கு அண்ணி."

பையை மாட்டிக்கொண்டு நின்ற பிள்ளை எல்லாவற்றையும் கேட்டது. அழவில்லை. பையைக் கழற்றி, அது முன்பு தொங்கிய ஆணியிலேயே எட்டி மாட்டியது.

நாத்தனார் கொடுமைக்காரி இல்லை, அன்பானவளும் இல்லை. தன் பிள்ளைகள் சாப்பிட்ட பிறகுதான் இந்தப் பிள்ளைக்குப் போடுவாள். அவர்கள் போட்டுக் கிழித்த செருப்பை, முனையில் காகிதம் திணித்து இவளுக்குக் கொடுப்பாள். பேன் வந்தபோது முடியை ஒட்ட வெட்டிவிட்டாள். இவையெல்லாம் மகள் மாதம் ஒரு தடவை எழுதுகிற கடிதத்தில் இருக்கும், புகாராக இல்லாமல் செய்தியாக. கடிதத்தின் கடைசி வரி மட்டும் மாறாது: 'ரூல் மாறிடுச்சாம்மா?'

பஞ்சக்கா பதில் எழுதுவாள்: 'இன்னும் இல்லை. நன்றாகப் படி.'

ஆறு வருஷம் அந்த வரி வந்தது. பிறகு ஒரு மாதம் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை.

பஞ்சக்கா பிள்ளையை நினைக்காதவள் என்று சொல்லிவிட முடியாது. நினைத்தாள், பணம் அனுப்பினாள், காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் சோறு இறங்காது. பள்ளிக்கூடம் திறக்கட்டும், வருஷம் முடியட்டும் என்று தவணை போட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் பொய்யை ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்குத் தீனி போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. நாத்தனார் வீட்டில் ரூல் என்று சொன்னாளா? அதேபோல அடுத்த அறை வாட்ச்மேன் மனைவிக்கும் ஒன்று சொல்ல வேண்டி வந்தது. வருஷத்தில் பதினைந்து நாள், வாட்ச்மேன் குடும்பம் ஊருக்குப் போகிற கோடை விடுமுறையாகப் பார்த்து, விசேஷ அனுமதி வாங்கியிருப்பதாகச் சொல்லி மகளை அழைத்துவருவாள். அவர்கள் திரும்புவதற்கு முந்தின நாள் கொண்டுபோய் விட்டுவிடுவாள்.

அப்படி வந்த ஒரு விடுமுறையில், மகளுக்கு ஒன்பது வயது. மேசையில் மோவாயை வைத்துக்கொண்டு, அம்மா சிலந்திக்குப் பஞ்சு கொடுப்பதைப் பார்த்தாள்.

"அது கண்டுபிடிக்காதாம்மா?"

"கண்டுபிடிக்காது."

"நிஜப் பையத் திருப்பிக் குடுத்துடேன்."

"அறுத்தாச்சு."

மறுநாள் பஞ்சக்கா ஜாடி கழுவிவிட்டு வந்தபோது, மகள் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். கையில் இடுக்கி. இடுக்கி நுனியில் பஞ்சு. சிலந்தி கண்ணாடியில் ஏறி விழுந்து, ஏறி விழுந்து, சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ற?"

"தேடுது பாரும்மா" என்றாள் மகள், கண்ணை எடுக்காமல். "காலையிலேர்ந்து தேடுது. இன்னும் நிறுத்தல."

பஞ்சக்கா இடுக்கியைப் பிடுங்கிப் பஞ்சை ஜாடிக்குள் போட்டாள். அடிக்கலாம் என்று கை ஓங்கியது. எதற்கு அடிப்பது என்று புரியாமல், ஓங்கிய கையால் தன் தலைமுடியைக் கோதிக்கொண்டாள்.

அந்த மகள் பிறகு பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து, தையல் சரிபார்க்கிறவளாகி, அங்கே சரக்கேற்ற வந்த லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அம்மாவோடு சண்டை கிடையாது. மாதம் ஒரு தடவை போன் பண்ணுவாள். கேட்டால் பதில் சொல்வாள்.

கண்காட்சிக்கு நாலு ஜாடி. சிலந்தி, பூரான், முதுகில் குஞ்சுகளோடு ஒரு தேள், முட்டைகளின் மேல் குடை மாதிரி நின்று காவல் காக்கும் ஒரு கேடயப்பூச்சி. ஒன்பது மணிக்கு மேடம் பூரான் ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அக்கா, முட்டையெல்லாம் எங்கக்கா? எறும்பு புகுந்துடுச்சா?"

பூரான் பூந்தொட்டிக்கு அடியில், முட்டைக் குவியலைச் சுற்றித் தன்னையே வளையமாகச் சுருட்டிக்கொண்டு இரண்டு வாரமாகப் பட்டினி கிடந்தது. பூஞ்சை பிடிக்காதபடி முட்டைகளை நக்கிக்கொண்டே இருந்தது. தொட்டியைத் தூக்காதீர்கள் என்று பஞ்சக்கா சொல்லியிருந்தாள். மேடம் படம் எடுக்க மூன்று தடவை தூக்கினார். நேற்றுச் சாயங்காலம்தான் அதை முட்டைகளோடு ஜாடிக்கு மாற்றியிருந்தார்கள்.

"எறும்பு இல்ல மேடம். அதுவே தின்னுடுச்சு."

"எது?"

"அதுதான். பெத்தவ."

மேடத்துக்கு ஜாடியைக் கீழே வைக்க வேண்டும்போல் ஆகிவிட்டது. "ஏன்க்கா அப்படி?"

"சும்மா சும்மா தொறந்து பாத்தா அப்படித்தான். இனிமே இதுங்கள வளக்க முடியாதுன்னு தோணிடுச்சுன்னா, வீணாக்குவானேன்னு முழுங்கிடும்."

"சீட்டு வேற எழுதிட்டேனே. 'உயிரைக் கொடுத்துக் காக்கும் தாய்'னு."

"உயிருக்கு ஒண்ணும் கொறையில்ல மேடம். ஒரு சுத்து பருத்துக்கூட இருக்கு பாருங்க."

மேடம் சீட்டைக் கிழித்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, 'இளைப்பாறும் பூரான்' என்று எழுதி ஒட்டினார்.

மகள் பத்து மணிக்கு வந்தாள். தோளில் ஒரு பை, நெஞ்சில் குழந்தை, முகமெல்லாம் வியர்வை.

"பஸ்ல எடம் கெடச்சுதா?"

"கெடச்சுது. பக்கத்துல இருந்த ஆளு பிள்ளையப் பாத்து மூக்கப் பொத்திகிட்டான். வேணும்னே அவன் பக்கமா திருப்பி வச்சுகிட்டேன், எந்திரிச்சுப் போயிட்டான். ரெண்டு சீட்டுல கால நீட்டிகிட்டு வந்தேன்."

பஞ்சக்கா கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினாள். ஆயிரம் கண்ணாடி ஜாடி தூக்கி ஒன்றைக்கூடக் கீழே போடாத கை, இதைத் தூக்கத் தெரியாமல் தடுமாறியது. குழந்தை அவள் விரலை முகர்ந்து இரண்டு தடவை தும்மியது.

"ஸ்பிரிட் வாடை. கழுவினாலும் போகாது" என்றாள் பஞ்சக்கா வெட்கத்தோடு.

"பழகிடும்" என்றாள் மகள். கட்டிலில் உட்கார்ந்து, வேலைப் பழக்கத்தில், அம்மாவின் ரவிக்கைத் தையலை விரலால் வருடிப் பார்த்தாள். "இங்க பிரிஞ்சிருக்கு. யாரு தச்சா இத?"

ஒத்திகை பார்த்த வாக்கியம் எல்லாம் பஞ்சக்காவுக்கு மறந்துபோயிற்று.

"அடுத்த மாசக் கடைசியோட எனக்கு முடியுது."

"தெரியும்."

"ரூமக் குடுத்துடணும்."

"ம்."

"திங்கக்கெழம நீ வேலையில சேரணும்னியே. பிள்ளைய யாரு பாத்துக்கறது?"

மகள் சிரித்தாள். "அதக் கேக்கத்தாம்மா நானே வந்தேன். அவரு வண்டியெடுத்துட்டுப் போனா பத்து நாளு ஆவுது. ஆளு யாரும் அமையல. லேட்டா வந்தா எடம் போயிடும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். உனக்கு லீவு பாக்கி இருக்குமில்ல, அதப் போட்டுட்டு இப்பவே வந்துடேன். அப்படியே அங்கயே இருந்துக்க." குரலைத் தாழ்த்தினாள். "தொட்டிலுக்குப் பக்கத்துல ஒரு கட்டிலும் போட்டுட்டேன். நீ வரலைன்னு சொல்லிடுவியோன்னு வழியெல்லாம் பயந்துகிட்டே வந்தேன்."

"நானா?" என்றாள் பஞ்சக்கா.

மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். அவள் வாயிலிருந்து வர வேண்டிய கேள்வியை மகள் கேட்டு, பதிலையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் ஒரு வாரம் பேசிப் பேசிச் சிலந்தியைக் கொன்றிருக்க வேண்டாம்.

அதற்குள் மேடம் ஆள் விட்டார், விருந்தினர்கள் வந்துவிட்டார்கள் என்று. கூட்டத்துக்குள் கைக்குழந்தை வேண்டாம் என்று பட்டது. பஞ்சக்கா கதவுக்கு வெளியே தலையை நீட்டி, வாட்ச்மேன் மனைவியைக் கூப்பிட்டாள்.

"அரை மணி நேரம் பிள்ளையப் பாத்துக்கயேன்."

இருபத்திரண்டு வருஷமாக மகளையும் வாட்ச்மேன் மனைவியையும் சந்திக்கவிடாமல் தேதி பார்த்துத் தேதி பார்த்துக் காவல் காத்தவள், அவளாகவே கூப்பிட்டு அறிமுகம் செய்துவைத்தாள். பொய்க்கு வயதாகிவிட்டது. அது செத்துப் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். அல்லது நினைக்கவே இல்லை. சந்தோஷத்தில் இருப்பவர்களுக்கு ஞாபகம் வேலை செய்வதில்லை.

கண்காட்சிக் கூடத்தில் மேடம் சிலந்தி ஜாடிக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. "இவளைப் பாருங்கள். இவளுக்கு ஒரு கால் இல்லை. ஏதோ எதிரியோடு போராடி இழந்திருக்கிறாள். காலை இழந்தாலும் பிள்ளைகளை இழக்கவில்லை. எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள், அந்தப் பையை மட்டும் விட மாட்டாள்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. மகள் குனிந்து ஜாடியைப் பார்த்தாள். நிமிர்ந்து அம்மாவின் காதருகே வந்தாள்.

"ம்மா."

"என்ன?"

"பஞ்சு."

"கம்முனு இரு."

"எச்சி தொட்டு உருட்டினியா?"

"பின்ன? காஞ்ச பஞ்ச எடுக்காது."

"அந்த எதிரி யாரும்மா? நீதானே?"

பஞ்சக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சத்தமில்லாமல் குலுங்கினார்கள். இப்படி இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததாகப் பஞ்சக்காவுக்கு வேறு ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை. மேடம் கண்ணைத் திறந்து இவர்களைப் பார்த்துவிட்டார்.

"இதோ, ஒரு தாயும் மகளும் கண் கலங்கி நிற்கிறார்கள்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அறைக்குத் திரும்பியபோது வாட்ச்மேன் மனைவி குழந்தையைத் தோளில் போட்டு, முதுகைத் தட்டிக்கொண்டே வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். பேச ஆள் கிடைத்தால் விடுகிற ரகம் இல்லை.

"இப்பத்தான் கண்ணசந்துச்சு. தூக்கிப் பாத்தா எங்க பெரியவன் ஞாபகம்தான் வருது. எங்க மூணும் இந்த வராந்தாவுலதான் தவழ்ந்துச்சுங்க. கடைக்குட்டி நடை பழகுனதே அந்த ஆசிட் ரூம் வாசல்லதான்."

மகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்போடு நிமிர்ந்தாள். "இங்கயா? இங்க பிள்ளைங்கள வச்சுக்க விடுவாங்களா?"

"யாரு கேக்கறா? பழைய பிரின்சிபாலம்மா சுத்திப் பாக்க வரும்போதெல்லாம் கையில முட்டாயோட வருவாங்க. ஒரு நாளு சின்னவன் அவங்க மேலயே ஈரம் பண்ணிட்டான். அந்தம்மா சிரிச்சுட்டுப் போயிட்டாங்க."

"உள்ள வா, வெயிலா இருக்கு" என்றாள் பஞ்சக்கா. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. யாரும் வரவில்லை.

"உங்கம்மாகிட்ட நான் தலைபாடா அடிச்சுகிட்டேன். பிள்ளையக் கூட்டிட்டு வந்து வச்சுக்கக்கா, எங்க மூணோட நாலா வளந்துட்டுப் போவுதுன்னு. நீதான் அத்தைய விட்டு வரவே மாட்டேன்னு தரையில உருண்டு அழுவியாமே! அப்படி என்ன பாசம்டியம்மா அத்தை மேல? பெத்தவ இங்க ஒத்தையில கெடக்கறான்னு ஒரு இது வேண்டாமா?" வாட்ச்மேன் மனைவி செல்லமாக மகளின் கன்னத்தை இடித்துவிட்டு, தூங்குகிற குழந்தையைப் பஞ்சக்காவின் கையில் வைத்தாள். "அடுப்புல வச்சது வச்சபடி இருக்கு. வரேன்."

அவள் போனாள். மகள் இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பஞ்சக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. மகள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். கூடத்திலிருந்து ஒலிபெருக்கியில் மேடத்தின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. தேள் ஜாடிக்கு வந்துவிட்டார்.

"நான் வர மாட்டேன்னு சொன்னேனாம்மா?"

பஞ்சக்கா குழந்தையின் சட்டை விளிம்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"எப்பச் சொன்னேன்? பைய மாட்டிகிட்டு வாசல்ல நின்னேனே, அன்னைக்கா?"

மகள் குரல் உயரவில்லை. தொழிற்சாலையில் ஒரு துணியைத் திருப்பி உள்தையலைப் பார்க்கிற முகம்தான் அது.

"எனக்குக் கோவமெல்லாம் இல்லம்மா. கோவப்பட நேரமில்ல, திங்கக்கெழம ஆறரைக்கு நான் கம்பெனி கேட்டுல நிக்கணும். கட்டில் போட்டாச்சு, போட்டதுதான். நீ வா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வா. அந்த ரூல் யாரு போட்டது?"

சொல்லப் பொய் இல்லாமல் இல்லை. பழைய பிரின்சிபால் செத்து நாலு வருஷம் ஆகிறது, அவர் தலையில் போடலாம். பெரிய சார் மேல் போடலாம். உன் அப்பாவின் நோய் உனக்கும் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று இந்த மருந்து வாடையிலிருந்து தள்ளி வைத்தேன் என்று சொல்லலாம். கேட்பதற்குக்கூட நன்றாக இருக்கும். பஞ்சக்கா ஒவ்வொன்றாக நாக்கு வரை கொண்டுவந்தாள். எதற்கும் ஈரம் இல்லை.

நிஜம் ரொம்பச் சின்னது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கினேன், நன்றாக இருந்தது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கொலை கொள்ளை என்றால்கூட அழுதுகொண்டே சொல்லிவிடலாம். இதை எப்படிச் சொல்வது?

"பொய்யாவது சொல்லேம்மா. நல்லாத்தான் சொல்லுவியே" என்றாள் மகள். "நான் நம்பிடறேன். ஆறு வருஷம் நம்பலையா?"

பஞ்சக்காவின் பார்வை கதவில் இருந்த தாழ்ப்பாளுக்குப் போயிற்று. கைபட்டுக் கைபட்டு அதன் குமிழ் பளபளவென்று இருந்தது. மகளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். அவளுக்கு அது ஒரு கதவு, அவ்வளவுதான்.

கூடத்தில் கைதட்டல் எழுந்து அடங்கியது. பேச்சு முடிந்துவிட்டது போலிருந்தது.

மகள் எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். குனிந்து குழந்தையின் கழுத்துக்கு அடியில் ஒரு கையையும், இடுப்புக்கு அடியில் ஒரு கையையும் கொடுத்தாள். தூக்க வரவில்லை. பஞ்சக்காவின் விரல்கள் குழந்தையைச் சுற்றிய துணியைப் பிடித்திருந்தன. பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை. மகள் ஒரு கையை எடுத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவசரப்படவில்லை, துணி கிழிந்துவிடாமல், குழந்தை விழித்துவிடாமல் பிரித்தாள். கடைசி விரல் கொஞ்சம் சண்டை போட்டது. அதையும் பிரித்தாள்.

குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவு வரை போய்ச் செருப்பில் கால் நுழைத்தாள். நுழைத்தபடியே, திரும்பாமல் கேட்டாள்.

"ரூல் மாறிடுச்சாம்மா?"

கேட்டுவிட்டு நின்றாள். ஒரு பதிலுக்கு எவ்வளவு நேரம் நிற்கலாமோ அவ்வளவு நேரம் நின்றாள். கல்லூரி மணி அடித்தது. மணி ஓய்ந்த பிறகும் ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் குழந்தையின் முகத்தில் வெயில் படாதபடி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனாள்.